ரோஜர் ஈபர்ட்டின் ‘தி கிரேட் மூவீஸ்’: நான்கு தொகுதிகளையும் வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய புத்தகங்கள் விற்கும் ஒரு கடையின் பின்பக்க அலமாரியில், சமையல் நூல்களுக்கும் கிரிக்கெட் ஆண்டு மலர்களுக்கும் நடுவே கிடந்த ‘தி கிரேட் மூவீஸ்’ முதல் தொகுதியை நான் கண்டெடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது ரோஜர் ஈபர்ட் என்றால், கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். ஒரு கட்டுரையைக் கடையிலேயே நின்றபடி படித்தேன்; இரண்டாவதையும் படித்தேன்; மூன்றாவதைத் தொடங்கியபோது கடையடைக்கும் நேரமாகிவிட்டது என்றார் கடைக்காரர். அன்று வாங்கிவந்த அந்தத் தொகுதிக்குப் பிறகு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக வரவழைத்தேன். நான்கையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, அவற்றை வைத்துக்கொண்டு டர்பனில் இந்தியர்கள் வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சிறு குழுவாகப் படங்களும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சினிமாவை நேசிக்கும் எந்த வீட்டிலும் முதல் தொகுதி இருக்க வேண்டும். மற்ற மூன்றைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

முதல் தொகுதி 2002ஆம் ஆண்டிலும், இரண்டாவது 2005இலும், மூன்றாவது 2010இலும் வந்தன. நான்காவது தொகுதி, ஈபர்ட் மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016இல் வெளியானது. முதல் மூன்றிலும் தொகுதிக்கு நூறு கட்டுரைகள். கடைசித் தொகுதி அதைவிடச் சிறியது. சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் வாரந்தோறும் புதுப்படங்களுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த அவர், அந்த வேலைக்கு இடையிலேயே பழைய படங்களை மறுபடி பார்த்து எழுதிய கட்டுரைகள் இவை. இவை நூறு தலைசிறந்த படங்களின் பட்டியல் அல்ல, நூறு சிறந்த படங்கள் மட்டுமே என்று முதல் தொகுதியின் முன்னுரையில் அவர் தெளிவாகச் சொல்கிறார். தரவரிசை போடுவது வீண்வேலை என்பது அவர் கருத்து. அதனால் கட்டுரைகள் அகரவரிசையில் நிற்கின்றன. பெரிய படம், சின்னப் படம் என்ற வேறுபாடு இல்லாமல் ஒன்றின் பக்கத்தில் மற்றொன்று உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் நாலைந்து பக்கத்துக்கு மேல் போவதில்லை. காலையில் தேநீர் ஆறுவதற்குள் ஒன்றைப் படித்துவிடலாம்.

படம் வெளிவந்த வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு, முதல் சந்திப்புக்கும் நெடுநாள் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு. முதல் விமர்சனத்தில் கதையை எவ்வளவு சொல்லலாம், டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்ற கவலைகள் எழுத்தாளரின் கையைக் கட்டுகின்றன. இங்கே அந்தக் கட்டு இல்லை. இருபது வயதில் பார்த்தபோது தமக்குத் தோன்றியதையும், ஐம்பது வயதில் பார்க்கும்போது தோன்றுவதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். படம் மாறவில்லை, தாம் மாறியிருக்கிறோம் என்பதை மறைப்பதில்லை. கலைச்சொற்களைக் கொண்டு வாசகரை மிரட்டுவதும் இல்லை. கேமரா எங்கே நிற்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த இடத்தில் இசை நின்றுபோகிறது என்பதையெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவரைப்போலச் சொல்லிக்கொண்டு போகிறார். பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவருக்கும் இந்த நடை தடையின்றிப் புரியும் என்பதை என் தாயாருக்குச் சில கட்டுரைகளைப் படித்துக்காட்டித் தெரிந்துகொண்டேன்.

முதல் தொகுதியில், அகரவரிசையின் தயவால் தொடக்கப் பக்கங்களிலேயே, சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றையும் பற்றிய கட்டுரை வந்துவிடுகிறது. படப்பிடிப்பின் முதல் நாளன்று ராய் அதற்குமுன் ஒரு காட்சியைக்கூட இயக்கியவர் அல்லர், ஒளிப்பதிவாளர் சினிமா கேமராவைக் கையாண்டவர் அல்லர் என்று நாம் பலமுறை கேட்ட செய்திகளைத்தான் அங்கே அவரும் சொல்கிறார். ஆயினும் அவர் அவற்றோடு நிற்பதில்லை. வங்காளத்து ஒரு கிராமத்துக் குடும்பம் சிகாகோவில் வாழும் தமக்கு ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குப் படத்தின் உள்ளிருந்தே விடை தேடுகிறார். அந்தக் கட்டுரையைப் படித்த இரவில்தான் இதை நான் ஒருவனாகப் பார்க்கக்கூடாது, நாலு பேரோடு பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் குழு கோயில் மண்டபத்தின் பக்கத்து அறையில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்த பிறகு கூடுகிறது. வருவோர் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை. படம் பார்க்கும் முறையை ஈபர்ட்டிடமிருந்தே எடுத்துக்கொண்டோம். கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ஆண்டுதோறும் நடந்த ஒரு மாநாட்டில் அவர் பல்லாண்டுகள் ஒரே படத்தைப் பல நாட்களாகக் காட்டிவந்தார். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று குரல் கொடுக்கலாம். உடனே படம் நிற்கும். குரல் கொடுத்தவர் தாம் கண்டதைச் சொல்வார். மற்றவர்கள் அதைத் தொடர்ந்து பேசுவார்கள். தொடக்கத்தில் 16 மில்லிமீட்டர் சுருளை வைத்துக்கொண்டு செய்ததைப் பிற்காலத்தில் லேசர் தட்டு, டிவிடி ஆகியவற்றைக்கொண்டு செய்தார். பேராசிரியர்களும் அங்கே வருவார்கள், ஊர்க்காரர்களும் வருவார்கள். ஒருவர் கண்ணுக்குப் படாதது இன்னொருவர் கண்ணுக்குப் படும் என்பதே அதன் அடிப்படை.

அபு வரிசையின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யை இப்படிப் பார்க்க எங்களுக்கு ஐந்து வெள்ளிக்கிழமைகள் பிடித்தன. இனிப்பு விற்பவர் தோளில் காவடித் தண்டு போன்ற கம்பில் பானைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார். கையில் காசில்லாத அக்கா துர்காவும் தம்பி அபுவும் பின்னாலேயே போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நாய். அந்த ஊர்வலம் குளத்து நீரில் தலைகீழாகத் தெரியும் இடத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் நிறுத்தச் சொன்னான்.

“அண்ணா, அந்த நாய் ஏன் பின்னால போகுது? அதுக்கு யார் என்ன கொடுக்கப்போறாங்க?”

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், “அந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும் யார் என்ன கொடுக்கப்போறாங்க?” என்றார். அதற்குமேல் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இன்னொரு வெள்ளிக்கிழமை, வீட்டில் இடமில்லாமல் துரத்தப்படும் கிழவி இந்திர் தாக்ருண் தன் கந்தல் துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பும் இடத்தில், எங்கள் தெருவில் எல்லோருக்கும் அத்தையான எண்பது வயதுப் பெண்மணி கையை உயர்த்தினார்.

“தம்பி, அங்கேயே நிறுத்து. எங்க ஆயா இப்படித்தான் மூட்டையைப் புடிப்பாங்க. மவுண்ட் எட்ஜ்கம்ப் பாரக்ஸிலே.”

கரும்புத் தோட்டத்துப் பாரக்ஸ் வீடுகளைப் பற்றி அந்த அத்தை அன்று பேசியதை அதுவரை அவருடைய பேரப்பிள்ளைகளே கேட்டதில்லை. ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள், தண்ணீருக்கு வரிசை, ஒருவேளை சோற்றை யாருக்குக் குறைப்பது என்ற கணக்கு என்று பேசிக்கொண்டே போனார். படம் அன்று மேற்கொண்டு நகரவில்லை. கிழவியாக நடித்த சுனிபாலா தேவி ஒரு காலத்தில் மேடை நடிகையாக இருந்தவர் என்று நான் இடையில் சொன்னபோது, அதை யாரும் பொருட்படுத்தாமல் அத்தை சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரியாகத்தான் செய்தார்கள். ஒரு புத்தகம் இதைச் செய்யவைத்தால் அதன் விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இந்நூல்களை எழுதியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஈபர்ட் 1942ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தின் அர்பானா நகரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே ஊர்ச் செய்தித்தாளில் விளையாட்டுச் செய்திகள் எழுதத் தொடங்கியவர். நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: 1965இல் ரோட்டரி உதவித்தொகை பெற்று அவர் ஓராண்டு கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் படித்தார். நெல்சன் மண்டேலா ரோபன் தீவில் அடைக்கப்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. டர்பனில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் பேரில் இந்தியக் குடும்பங்கள் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டு, சாட்ஸ்வொர்த் வீடுகளுக்கு லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் திரும்பிய அவர் 1966இல் சன்-டைம்ஸில் நிருபராகச் சேர்ந்தார். 1967 ஏப்ரலில், இருபத்து நான்கு வயதில், திரைப்பட விமர்சகரானார். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் இறக்கும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் அதே நாளிதழில், அதே வேலை. 1975இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. திரைப்பட விமர்சகர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

அதே 1975இல், போட்டி நாளிதழான சிகாகோ டிரிபியூனின் விமர்சகர் ஜீன் சிஸ்கலோடு சேர்ந்து தொலைக்காட்சியில் பேசத் தொடங்கினார். இருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பற்றி மாறுபட்டு வாதாடுவதும், முடிவில் கட்டைவிரலைக் காட்டுவதும்தான் நிகழ்ச்சி. (எங்கள் நாட்டில் தொலைக்காட்சியே 1976 ஜனவரியில்தான் வந்தது என்பதை இளையோர் நம்ப மறுக்கிறார்கள்.) சிஸ்கல் 1999இல் மறைந்தார். அந்தக் கட்டைவிரல் விமர்சனத்தைப் பாழாக்கிவிட்டது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 1990இல் ரிச்சர்ட் கார்லிஸ் என்ற மூத்த விமர்சகர் ‘ஃபிலிம் காமெண்ட்’ இதழில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஈபர்ட் அதே இதழில் பதில் எழுதினார். கார்லிஸ் சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஒரு படைப்பை நல்லது, கெட்டது என்று இரண்டே கட்டத்தில் அடைப்பது பார்வையாளரைச் சோம்பேறியாக்குகிறது; இன்று நட்சத்திரங்களையும் சதவீதங்களையும் பார்த்துவிட்டுப் படத்தைத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு அந்தக் கட்டைவிரலும் வழிவகுத்தது. அதே கையிலிருந்துதான் இந்த நான்கு தொகுதிகளும் வந்தன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். முதல் தொகுதிக்கான புகைப்படங்களைத் தேர்ந்தெடுத்தவர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் புகைப்படக் காப்பகத்தில் பணியாற்றிய மேரி கார்லிஸ். கண்டித்து எழுதிய அந்த ரிச்சர்ட் கார்லிஸின் மனைவி. கருத்து மோதல் ஒருபுறம் இருக்க, படத்தின் மீதுள்ள பற்று அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த என் தலைமுறைக்கு ஈபர்ட் ஏன் முக்கியமானவர் என்பதை விளக்க, எங்கள் பயாஸ்கோப் எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் கிரே வீதிப் பகுதியிலிருந்த ஓர் அரங்கில் டார்ச் விளக்குப் பிடித்து இருக்கை காட்டும் வேலை பார்த்தவர். அவலான், ஷா ஜெஹான், ராஜ் என்று இந்தியர்களுக்கான அரங்குகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைந்திருந்தன. வெள்ளையர் அரங்குகளுக்குள் நாங்கள் கால்வைக்க முடியாது. அது மட்டுமன்று, தணிக்கைக் குழுவினர் ஒரே படத்தை வெள்ளையருக்கு அனுமதித்து மற்ற இனத்தவருக்கு மறுக்க முடியும், அப்படியே செய்தும் வந்தார்கள். ஒருவர் எந்தக் கதையைப் பார்க்கலாம், எதற்காக அழலாம் என்பதைத் தோலின் நிறம் முடிவு செய்தது. புது வேலையாட்களுக்கு என் தந்தையார் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு: “அழுகிறவங்க முகத்திலே வெளிச்சம் அடிக்காதே.” படத்தின் கடைசிப் பகுதியில் டார்ச்சைத் தரையை நோக்கியே பிடித்துக்கொண்டு, கால்களை மட்டும் பார்த்து நடப்பார்.

திரைப்படம் என்பது பிறருடைய வாழ்க்கைக்குள் நம்மைச் சற்று நேரம் குடியிருக்கவைக்கும் கருவி என்று ஈபர்ட் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கருத்தை எங்கள் நாட்டைப் பற்றிய படங்களுக்கும் அவர் தயவுதாட்சண்யமின்றிப் பொருத்திப் பார்த்தார். நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிகோவின் கதையைச் சொல்ல வந்த ‘க்ரை ஃப்ரீடம்’ 1987இல் வெளிவந்தபோது, நிறவெறியை எதிர்க்கும் படம் என்பதற்காகவே பலரும் அதை வாழ்த்தினார்கள். ஈபர்ட் இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார். கறுப்பினத் தலைவர் ஒருவரைப் பற்றித் தொடங்கும் படம், பாதி வழியில் அவரை விட்டுவிட்டு, வெள்ளைப் பத்திரிகையாசிரியர் எல்லை தாண்டித் தப்பிக்கும் சாகசக் கதையாக மாறிவிடுகிறது என்பது அவருடைய குறை. அந்தப் படம் 1988 ஜூலையில் இங்கே திரையிடப்பட்ட அன்றே காவல்துறையினர் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். தணிக்கையாளர்கள் அனுமதித்த பின்னும் அப்படி நடந்தது. அரசு பறித்த படம் ஆதலால் அதைக் குறைசொல்வதே துரோகம் என்று எங்கள் வீட்டில் நினைத்தோம். பல ஆண்டுகள் கழித்துப் படத்தை முழுமையாகப் பார்த்தபோது, முதல் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்த நான் இரண்டாம் பாதியில் பிகோ எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். பிறகு அவருடைய விமர்சனத்தைப் படித்தேன். நல்ல நோக்கம் வேறு, நல்ல படம் வேறு என்று நமக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றியே வெளியூர்க்காரர் ஒருவர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தது முதலில் சுட்டது. பின்னர் அதுவே மரியாதை என்று புரிந்தது.

ஜொஹன்னஸ்பர்க் நகர்ப்புறக் குடிசைப் பகுதியில் நடக்கும் ‘சோட்ஸி’க்கு அவர் நான்கு நட்சத்திரங்கள் கொடுத்தார். நல்லவன் கெட்டுப்போகும் கதைகளையே பார்த்துப் பழகிய நமக்கு, கெட்டவன் ஒருவன் நல்லவனாகும் படம் எவ்வளவு அரிதானது என்ற வியப்போடு அந்த விமர்சனம் தொடங்குகிறது. அப்படம் 2006இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. இங்கே வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு: நான் மேலே சொன்ன இரண்டு விமர்சனங்களும் இந்தத் தொகுதிகளில் இல்லை. அவை ஈபர்ட்டின் பெயரில் இயங்கும் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொகுதிகளில் உள்ள கட்டுரைகளும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கின்றன என்பதால், பிறகு எதற்குப் புத்தகம் வாங்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்விதான். என் அனுபவத்தில், திரையில் படிக்கும்போது எனக்குத் தெரிந்த படங்களையே தேடிப்போனேன். அச்சில் புரட்டும்போதுதான் பெயரே கேள்விப்படாத ஜப்பானியப் படமும் பிரெஞ்சுப் படமும் குறுக்கே வந்து நின்றன. அப்படித்தான் ஜப்பானிய இயக்குநர் ஒசுவின் படங்களுக்கு வந்து சேர்ந்தேன். தரைக்குச் சற்று மேலே கேமராவை வைத்து, பாய்மேல் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் வீட்டைக் காட்டும் அந்த முறை, தரையில் அமர்ந்து சாப்பிட்டு வளர்ந்த எனக்கு விளக்கம் இல்லாமலே விளங்கியது.

மூன்றாம், நான்காம் தொகுதிகளைப் படிக்கும்போது ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2002 முதல் புற்றுநோயோடு போராடிய ஈபர்ட், 2006இல் நடந்த அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு கீழ்த்தாடையை இழந்தார், பேச்சு போயிற்று, வாயால் உண்ணவும் பருகவும் முடியாமல் போயிற்று. குரலால் புகழ்பெற்ற ஒருவருக்கு எழுத்து மட்டுமே மிஞ்சியது. எடின்பரோவில் உள்ள ஒரு நிறுவனம், அவர் முன்பு ‘சிட்டிசன் கேன்’ போன்ற படங்களின் டிவிடிகளுக்காகப் பதிவு செய்திருந்த விளக்கவுரைகளிலிருந்து ஒலிகளைப் பிரித்தெடுத்து, கணினி வழியாக அவருடைய சொந்தக் குரலைப் போன்ற ஒன்றை உருவாக்கிக் கொடுத்தது. பழைய படங்களைப் பற்றி அன்போடு பேசி வைத்திருந்ததால்தான் அந்தக் குரல் மிஞ்சியது. அக்காலத்தில் அவர் குறைவாக எழுதவில்லை. 2012ஆம் ஆண்டில் மட்டும் 306 படங்களுக்கு விமர்சனம் எழுதினார், அவர் வாழ்நாளிலேயே அதுதான் மிக அதிகம். பிற்காலக் கட்டுரைகளில் வாக்கியங்கள் மெலிந்திருக்கின்றன. தற்பெருமை துளியும் இல்லை. முதுமையும் இறப்பும் வரும் காட்சிகளில் முன்பைவிட நெடுநேரம் நிற்கிறார். தம் நோயை அந்தக் கட்டுரைகளுக்குள் இழுத்து வந்து இரக்கம் தேடுவதில்லை. உலகின் பல நாடுகளிலிருந்து எழுதும் இளைஞர்களைத் தேடிப்பிடித்துத் தம் இணையதளத்தில் எழுதவைத்ததும் இதே காலத்தில்தான். அவருடைய செல்வாக்கு இன்று எங்கே உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், விருதுகளையோ கட்டைவிரலையோ விட அந்த இளைஞர்களைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன். பெருநகரத்து நாளிதழில் நாற்காலி இல்லாதவரும் ஒரு படத்தைப் பற்றிப் பொறுப்போடு எழுதலாம் என்ற துணிவை அவர் பரவலாக்கினார். சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு நான் இதை எழுதுவதும் அந்தத் துணிவில்தான்.

குறைகள் உண்டு, அவற்றில் ஒன்று எனக்கு உறுத்தலானது. நான்கு தொகுதிகளிலும் இந்தியா என்றால் பெரும்பாலும் ராய் மட்டுமே. முதல் தொகுதியில் அபு, இரண்டாம் தொகுதியில் ‘ஜல்சாகர்’. தமிழ்ப்படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பாடல்களோடு, நகைச்சுவையோடு, அழுகையோடு மூன்று மணிநேரம் ஓடி, கிரே வீதி அரங்குகளில் எங்கள் தாத்தாக்களையும் ஆயாக்களையும் ஊரோடு இணைத்துவைத்திருந்த அந்தச் சினிமாவுக்கு இந்தக் கட்டடத்தில் ஓர் அறை கிடைக்கவில்லை. இதை ஈபர்ட்டின் அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். நம் படங்களின் நல்ல பிரதிகளும் தரமான சப்டைட்டில் எழுத்துக்களும் அவர் காலத்தில் அவர் கைக்குப் போய்ச் சேரும் நிலை இருக்கவில்லை. ஆயினும் விடுபட்டது விடுபட்டதுதான். அதை நிரப்புவது நம் வேலை. நாம் அதை இன்னும் செய்யவில்லை. தமிழ்ப் படங்களைப் பற்றிப் பாராட்டுரைகளும் வசைகளும் நிறைய எழுதுகிறோம். நாற்பது ஆண்டு கழித்து ஒரு படத்தை நிதானமாக மறுபடி பார்த்து நாலு பக்கம் எழுதுகிறவர்கள் மிகச் சிலரே.

இரண்டாவது குறை, இரண்டாம் தொகுதி முதலே கட்டுரைகளின் கனம் சமமாக இல்லை என்பது. சிலவற்றில் கதைச் சுருக்கமே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்காம் தொகுதி அவர் தம் கையால் வரிசைப்படுத்தி முடித்ததன்று என்பது படிக்கும்போதே தெரிகிறது. அவர் மனைவி சாஸ் ஈபர்ட் எழுதிய அறிமுகத்துக்காக அதை வைத்துக்கொள்ளலாம். புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையில் உள்ளன. வண்ணப் படங்களை எதிர்பார்க்க வேண்டாம். எழுத்து சிறியது. எனக்குத் தபாலில் வந்த ஒரு பிரதியின் முதுகு இரண்டே மாதத்தில் விட்டுப்போய் ஒட்டவேண்டியிருந்தது. ஆதலால் இணையத்தில் வாங்குவோர் முடிந்தால் கெட்டி அட்டைப் பதிப்பையே தேடுங்கள். பழைய புத்தகக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். என் முதல் தொகுதியில் முன்பு வைத்திருந்தவர் யாரோ, பார்த்து முடித்த படங்களின் ஓரத்தில் பென்சிலால் தேதி குறித்திருக்கிறார். மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது தேதியிலிருந்து நான் குறிக்கத் தொடங்கினேன்.

ஒன்று மட்டும் வாங்குவதென்றால் முதல் தொகுதி. அது பிடித்து, அதிலுள்ள படங்களில் பாதியையாவது பார்த்த பிறகு மூன்றாவதை வாங்குங்கள். இரண்டாவது அதற்கடுத்துப் போதும். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். கட்டுரையை முதலில் படிக்கவிடாமல் படத்தை முதலில் காட்டுங்கள். தமிழ் வகுப்பு நடத்துவோருக்கும் ஒரு பரிந்துரை: ஒரு கட்டுரையை எடுத்து மாணவர்களைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அபு கட்டுரையை அப்படிச் செய்தபோது, ‘எம்பதி’ என்ற சொல்லுக்கு என்ன எழுதுவது என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. ஒத்துணர்வு என்றான் ஒருவன், பரிவு என்றாள் ஒருத்தி. அந்தப் பதினான்கு வயதுப் பையன் ‘அவங்களா இருந்து பார்க்கிறது’ என்று எழுதிக் கொடுத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அபு வரிசையின் இரண்டாம் படமான ‘அபராஜிதோ’ தொடங்குகிறோம். முதல் தொகுதி இப்போது என்னிடம் இல்லை. அத்தை தம் பேத்தியைப் படிக்கவைத்துக் கேட்பதற்காக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.